“பிரஷர் பார்க்கப் போன இடத்தில் குடியைப் பற்றி ஏன் கேட்டார்கள்?”

சோமனூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயது 44. தறிக்குடோன் வைத்துக் கூலிக்கு நெய்கிறார். பாவு ஏற்றி இறக்கியே குடலிறக்கம் வந்து, அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் பிரஷரைச் சரிபார்க்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். 160/100 இருந்தது. பிரஷர் பார்த்த நர்ஸம்மா அப்புறம் ஒரு தாளை எடுத்து, பீடி, சிகரெட், ஹான்ஸ் உண்டா, மது உண்டா என்று ஆரம்பித்துப் பத்துக் கேள்விகள் கேட்டிருக்கிறார். இவர் இருந்ததை இருந்தபடியே சொல்லிவிட்டார்: தினமும் ராத்திரி தறி நிறுத்தியதும் ஒரு குவாட்டர், சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு கொஞ்சம் கூட. தாளின் கீழே 18 என்று எழுதி வட்டம் போட்டார்கள். உள்ளே டாக்டர் பத்து நிமிடம் பேசினார். திட்டவில்லை. “குறைக்க முடியும்னு எவ்வளவு நம்பிக்கை இருக்கு, பத்துக்கு எத்தனை போடுவீங்க?” என்று கேட்டிருக்கிறார். இவர் நாலு என்றதும், “ஏன் ஒண்ணு சொல்லாம நாலு சொன்னீங்க?” என்று கேட்டாராம். கேலி செய்கிறார் என்று நினைத்து, எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு தூக்கமில்லை. அந்த ஆஸ்பத்திரி லேபில் சொந்தக்காரர் ஒருவர் வேலை செய்கிறார், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த 18 வெளியே போனால் என்ன ஆகும் என்று பயம். இனிக் கோவையில் ஏதாவது தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் “எந்தப் பழக்கமும் இல்லை” என்று சொல்லி ஆபரேஷனை முடித்துக்கொண்டால் என்ன, முதல் நாள் மட்டும் குடிக்காமல் போனால் போதும்தானே, என்பதுதான் அவர் கேள்வி. “நான் குடிகாரன் இல்லீங்க டாக்டர், தைப்பூசத்துக்கு மாலை போட்டா பழனிக்கு நடந்து போய்ட்டு வர்ற வரைக்கும் தொட மாட்டேன்” என்றும் எழுதியிருக்கிறார்.

சரிங்க, உங்களிடமே நேராகப் பேசுகிறேன்.

முதலில் ஆபரேஷன் விஷயம், ஏனென்றால் அதற்குத்தான் நாள் குறைவாக இருக்கிறது. நீங்கள் யோசித்திருக்கும் வழி, அதாவது இடம் மாறி, பழக்கத்தை மறைத்து, முதல் நாள் மட்டும் நிறுத்துவது, இருக்கிற வழிகளிலேயே ஆபத்தானது. தினமும் குடித்துப் பழகிய உடம்பு, மது நின்ற 6 முதல் 24 மணி நேரத்துக்குள் எதிர்ப்பைக் காட்ட ஆரம்பிக்கும். கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும், தூக்கம் வராது. சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இன்னும் சிலருக்கு இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரிய ஆரம்பிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த நாட்களில் நீங்கள் புதுத் தையலோடு வார்டில் படுத்திருப்பீர்கள், இல்லையென்றால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், எல்லாம் வீட்டில் நடக்கும்.

கால் முறிந்து ஆபரேஷன் ஆன ஒரு நெசவாளரை மூன்றாம் நாள் ராத்திரி பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து, போர்வை ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். “இழை அறுந்துட்டே இருக்கு, தறிய நிறுத்துடா” என்று யாரையோ அதட்டினார். டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டிருந்தார், கட்டெல்லாம் ரத்தம். சேர்க்கும்போது கேட்டதற்கு வீட்டார் “அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாதுங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் முதல் நாளே ஒரு வரி சொல்லியிருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கும் விஷயம் அது.

எல்லோருக்கும் இவ்வளவு தூரம் போகாது. தினமும் ஒரு குவாட்டர் குடிப்பவர்களில் பலருக்கு லேசான நடுக்கத்தோடு போய்விடும். ஆனால் யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்று முன்கூட்டிச் சரியாகச் சொல்ல, உண்மையான அளவு தெரிந்திருக்க வேண்டும். மயக்க மருந்து டாக்டருக்கு அது தெரிந்தால் மருந்தின் அளவை அதற்கேற்ப பார்த்துக்கொள்வார், ரத்தம் உறைவதையும் கல்லீரலையும் முன்பே சோதித்துவிடுவார்.

18 என்றால் என்ன?

அந்தப் பத்துக் கேள்விகள் உங்கள் ஊர் ஆஸ்பத்திரி கண்டுபிடித்தவை அல்ல. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற கேள்வித்தாள், 1989 முதல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 40-க்கு மதிப்பெண். 7 வரை கவலை குறைவு, 8 முதல் 15 வரை ஒரு எச்சரிக்கையும் ஆலோசனையும், 16 முதல் 19 வரை உட்கார்ந்து பேசித் தொடர்ந்து பார்க்க வேண்டியவர்கள், 20-ம் அதற்கு மேலும் என்றால் மதுவுக்கு அடிமையாகிவிட்டாரா என்று சிறப்பு மருத்துவர் முழுதாகப் பார்க்க வேண்டும். ஆக 18 உங்களைக் ‘குடிகாரன்’ என்று முத்திரை குத்தவில்லை. அந்த எல்லைக்கு இரண்டு புள்ளி முன்னால் நிற்கிறீர்கள் என்கிறது. பேசித் திருப்பக்கூடிய இடம் அதுதான். உங்களை மாதிரி ஆட்களைத் தேடித்தான் பிரஷர் பார்க்கும் மேசையிலேயே இந்தக் கேள்வியை வைத்திருக்கிறார்கள்.

எப்படி 18 வந்தது என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. நாங்கள் ‘ஒரு டிரிங்க்’ என்று கணக்கு வைப்பது 30 மில்லி பிராந்தியை, அதில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் “ஒண்ணே ஒண்ணு” என்று நினைத்திருப்பது ஆறு. தினமும் என்பதற்கு 4, ஆறு டிரிங்க் என்பதற்கு 2, ஒரே இருப்பில் ஆறு என்பது தினசரி நடப்பதால் இன்னொரு 4, முதல் மூன்று கேள்விக்கே 10 வந்துவிட்டது. உங்கள் மனைவி இந்த வருடம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சியதற்கு 4. மிச்சம், மறுநாள் காலை மனசு உறுத்துவதற்கும், நூல் கொண்டுபோய்ப் போட வேண்டிய நாளைத் தவறவிட்டதற்கும், ஒரு சனிக்கிழமை ராத்திரி எப்படி வீடு வந்தேன் என்றே தெரியவில்லை என்று நீங்கள் சொன்னதற்கும்.

கூடவே இன்னொன்று. பிராந்தியை விட்டு பீருக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீரும் என்று எழுதியிருக்கிறீர்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் நான்கு டிரிங்க் இருக்கிறது. இரண்டு பாட்டில் என்றால் எட்டு, உங்கள் குவாட்டரைவிட அதிகம்.

“நெனச்சா நிறுத்திருவேன்”

இதை நான் மறுக்கவே மாட்டேன். மாலை போட்டு, செருப்பில்லாமல் பழனி வரை நடந்து, ஒரு சொட்டுத் தொடாமல் திரும்புகிற ஆள் நீங்கள். அது சாதாரணமில்லை, சிகிச்சை கொடுக்கிற எங்களுக்குப் பெரிய பிடிமானமே அதுதான். ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்களே போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். மாலை போட்ட முதல் மூன்று ராத்திரி தூக்கமே வராது, பனியன் நனையும் அளவுக்கு வேர்க்கும் என்று ஒன்று. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பழையபடி ஆரம்பித்துவிடும் என்று இன்னொன்று. முதலாவது, உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது என்பதற்கு அறிகுறி. இரண்டாவது, விரதத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருந்ததால் மனசு அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறது என்பது. முருகனுக்காக நிறுத்தத் தெரிந்தவருக்கு மற்ற நாட்களில் நிறுத்த ஒரு காரணம் தேவைப்படுகிறது. டாக்டர் அதைத்தான் தேடினார்.

“ஏன் ஒண்ணு சொல்லாம நாலு?” என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். அது கேலி இல்லை. “ஏன் பத்து சொல்லவில்லை” என்று கேட்டிருந்தால் உங்களால் முடியாத காரணங்களை அடுக்கியிருப்பீர்கள். “ஏன் ஒன்று இல்லை” என்று கேட்டால், உங்களால் முடியும் என்பதற்கான காரணம் உங்கள் வாயிலிருந்தே வரும். பழனியைப் பற்றி அங்கே சொல்லியிருப்பீர்கள். நாங்கள் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொள்கிற முறை இது. மனிதர்கள் மற்றவர் சொல்லும் காரணத்துக்காக மாறுவது அபூர்வம்.

பத்து நிமிடம் பேசினால் என்ன பெரிதாக நடக்கும் என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த ஆண்களில், ஆடிட் மதிப்பெண் 12 முதல் 19 வரை இருந்தவர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உங்கள் 18 அந்த வரம்புக்குள்தான். டாக்டர்கூட அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் சில தடவை மட்டும் உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பேசப்பட்டவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 பேர். மந்திரம் மாதிரி எல்லாரும் மாறிவிடவில்லை. ஆனால் மருந்தே இல்லாமல், பெரிய செலவும் இல்லாமல் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதலாகத் தப்பியது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், 2019-இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அடிமையாகி, வேலை போய், கல்லீரல் வீங்கி வரட்டும் என்று காத்திருந்தால் இதுதான் கதி. சர்க்கரையை வரும் முன்னே பார்க்கிற மாதிரி இதையும் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

உங்கள் பிரஷரும் இதோடு சேர்ந்ததுதான். அதிகமாகக் குடிப்பவர்கள் பாதியாகக் குறைத்தாலே மேல் எண் சராசரியாக ஐந்து புள்ளி இறங்குகிறது. நீங்கள் ராத்திரி குவாட்டரும் காலையில் பிரஷர் மாத்திரையுமாக ஓட்டினால், மாத்திரையின் எண்ணிக்கைதான் கூடும்.

அந்தத் தாளை யார் பார்ப்பார்கள்?

இதில் உங்கள் கோபத்தில் ஒரு பகுதி நியாயமானது. வரிசையில் பின்னால் உங்கள் தறியில் ஓட்டுகிற பையன் நின்றுகொண்டிருந்தபோது சத்தமாகக் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. இந்தக் கேள்விகளைத் தனியாக, கதவைச் சாத்திக் கேட்க வேண்டும். அடுத்த முறை “தனியா கேளுங்க, சொல்றேன்” என்று தைரியமாகச் சொல்லுங்கள். பதில் சொல்லாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிற ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன, கேட்பதற்குத் தாள் இருக்கும், பேசுவதற்கு ஆள் இருக்காது. அங்கேயெல்லாம் கேட்காமலே இருக்கலாம். உங்களிடம் ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார், அந்த வகையில் அது நல்ல இடம்.

குடிப்பதும் அதை டாக்டரிடம் சொல்வதும் தமிழ்நாட்டில் குற்றமில்லை, போலீசுக்குப் போகாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலப் பாதிப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது, அதன் 23-ஆம் பிரிவு நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மருத்துவர்களின் நடத்தை விதியும் அதையே சொல்கிறது. லேபில் இருக்கும் உறவினர் ரத்தம் பார்ப்பவர், உங்கள் ஓபி தாளைப் பார்க்க அவருக்கு வேலை இல்லை. பயம் போகவில்லை என்றால் டாக்டரிடமே பெயரைச் சொல்லி, “இவர் கண்ணில் படக்கூடாது” என்று கேட்கலாம், அதில் தப்பே இல்லை.

பிடித்துக்கொண்டு போய் மறுவாழ்வு மையத்தில் அடைத்துவிடுவார்களோ என்றும் பயந்திருக்கிறீர்கள். உங்கள் நிலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சம்மதமில்லாமல் சேர்ப்பதற்கு அதே சட்டம் கடும் நிபந்தனைகள் வைத்திருக்கிறது, நோய் முற்றி உயிருக்கு ஆபத்து என்கிற மாதிரி நிலைமைக்கு மட்டும்தான் அது. யாராவது வேன் அனுப்பிக் கூட்டிப்போகிறோம் என்றால், மாநில மனநல ஆணையத்தில் அந்த மையம் பதிவு செய்ததா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

காப்பீடு பற்றி ஒரு வரி: பாலிசி படிவத்தில் ஏஜெண்ட் ‘பழக்கம் இல்லை’ என்று டிக் அடித்திருந்தால் அதைத் திருத்திக்கொடுப்பது நல்லது. பணம் கேட்கும்போது சிக்கல் வருவது பெரும்பாலும் மறைத்ததால்தான்.

பையனிடம் கேட்டதைப் பற்றி

காய்ச்சலுக்குப் போன உங்கள் மகனிடம், உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கூல் லிப் புகையிலை, கஞ்சா, வலி மாத்திரை பழக்கம் உண்டா என்று கேட்டார்களே என்று குமுறியிருக்கிறீர்கள். அவன் மேல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும், அப்பா பக்கத்தில் இருந்தால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. திருப்பூர், கோவை, ஈரோடு என்று எங்கே பார்த்தாலும் பள்ளி, கல்லூரி வாசல் வரைக்கும் இந்தச் சரக்கு வந்துவிட்டது நமக்குத் தெரியும். அவனை உட்கார வைத்து என்ன சொன்னாய் என்று விசாரிக்காதீர்கள். அவன் அந்த டாக்டரை நம்பினால் அது உங்களுக்கு நல்லது. ஒருவேளை அவனுக்கு ஏதாவது பழக்கம் இருந்தாலும், தானாகச் சிகிச்சைக்கு வருகிறவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது.

கடிதத்தின் ஓரத்தில், வேறு கையெழுத்தில் உங்கள் வீட்டம்மா நான்கு வரி எழுதியிருக்கிறார். அவர் எழுதியது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. அம்மணி, குழம்பில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று பக்கத்து வீட்டில் சொன்ன பொடி வேண்டவே வேண்டாம். இந்த மாதிரி விற்கிற பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரை ஒன்று உண்டு, அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி, சில சமயம் உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணித்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்தால் ஆபத்து ஒரு பக்கம், தெரிய வந்தால் உங்கள் மேல் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். நீங்கள் செய்ய வேண்டியது, அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கூடப் போவது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

திடீரென்று இன்று ராத்திரியே நிறுத்திவிட வேண்டாம். இரண்டு நாளுக்குள் அதே டாக்டரிடம் போங்கள். மூன்று ராத்திரி வேர்க்கும் கதையைச் சொல்லுங்கள். இதுவரை வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்ததில்லை என்று எழுதியிருப்பதால், அனேகமாக வீட்டிலிருந்தே நிறுத்தலாம் என்பார். நடுக்கம் வராமலிருக்க ஒரு வாரம் போல மாத்திரை தந்து, அதன் அளவைப் படிப்படியாகக் குறைப்பார், கூடவே வைட்டமின் பி1. நடுக்கத்துக்கான அந்த மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கக் கூடாது, அதன் மேல் குடித்தால் மூச்சு அடங்கிவிடலாம். அந்த நாட்களில் வலிப்பு, விடாத வாந்தி, இல்லாத ஆள் தெரிவது, பேச்சில் குழப்பம், இதில் எது வந்தாலும் 108. ஆபரேஷனுக்கு முன் நான்கு வாரம் சுத்தமாக விட்டிருந்தால் புண் ஆறுவதும் கிருமித் தொற்று தவிர்ப்பதும் எளிது. குடலிறக்கம் இறுகி வலிக்காத வரை, ஆபரேஷன் தேதியை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்றுகூடக் கேட்கலாம். சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மட்டும் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும். சம்பளத்தை மதியமே போட்டுவிட்டு, மதுக்கடை திறந்திருக்கும் நேரத்தில் வேறு ஊரில் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடிதத்தைப் படித்தவரைக்கும் உங்களுக்குக் கஷ்டமான நேரம் அதுதான்.

அந்த டாக்டரைப் பார்க்க இன்னும் கூச்சமாக இருந்தால், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். ராத்திரி மனசு தடுமாறினால் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

அப்புறம் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். ஆனால் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் அந்த 18-ஐச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள்.